பின்பக்கம் தொங்குது சார்

"பின்பக்கம் தொங்குது சார்."

"என்ன மாமா?"

"வண்டிக்குப் பின்பக்கம் ரொம்பத் தொங்குது. மேடு ஏறையில தரையில இடிக்குது. அதான் மாட்டிக்கிருச்சு."

"முன்னாடி எதுவும் தட்டலையே மாமா."

"முன்னாடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க தள்ளி நில்லுங்க சார். டிராக்டரக் கொண்டாந்து இழுத்துருவோம்."

என் அப்பா சிவனாண்டிக்கும் என் கணவர் ஸ்ரீநாத்துக்கும் இடையில் நடந்த பேச்சுகளில் நெடுநாள் வரை இதுவே மிக நீளமானதாக இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு, கல்யாணம் முடிந்து நாங்கள் முதல் விருந்துக்குப் போன அன்று, செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் தோட்டத்துக்குப் போகிற ஓடைக்குள் வைத்து நடந்தது. ஸ்ரீநாத்தின் கார் மூக்கைக் கரைமேல் தூக்கிக்கொண்டு, பின் பம்பரை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றது. நான் பட்டுச் சேலையோடு கரையில் நின்றேன். டிராக்டர் வந்தது, கயிறு கட்டினார்கள், கார் வெளியே வந்தது. பம்பர் மட்டும் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றைய விருந்துச் சாப்பாட்டோடு அதை மறந்திருப்பார்கள். என் கணவர் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை விரிவுரையாளர். பதினோரு வருடமாக இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். ஸ்பானரைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அப்பா சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் பத்து மதிப்பெண் கேள்வியாக எடுத்துக்கொண்டு, விடை எழுத மூன்று வருடம் செலவழித்தார்.

உண்மையில் அவரைக் குத்தியது 'தொங்குது' இல்லை. அதற்கடுத்து வந்த 'சார்'.

எங்கள் பக்கத்தில் 'மாப்ள' என்று கூப்பிடப்படுவதற்கு ஒரு தகுதியும் வேண்டாம். டீக்கடைக்காரர் அப்பாவுக்கு மாப்ள. மினிபஸ் கண்டக்டர் மாப்ள. கரண்டு போனால் வருகிற லைன்மேன் மாப்ள. பஞ்சர் ஒட்டுகிற பால்பாண்டி மாப்ள; பால்பாண்டிக்கு அறுபத்திரண்டு வயது, பேரன் கல்லூரியில் படிக்கிறான். ஒருமுறை தென்னை மட்டை கேட்டு வந்த முன்பின் தெரியாத ஆளோடு அப்பாவுக்குச் சண்டை முற்றியபோதுகூட, "மாப்ள, மரியாதையா நடையக் கட்டு" என்றுதான் விரட்டினார். இப்படி ஊரில் நடமாடுகிற அத்தனை ஆண்களும் அவருக்கு மாப்ளதான், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர்தான் நான்கு பேர் முன்னிலையில் என் கழுத்தில் தாலி கட்டி, சட்டப்படியும் சாத்திரப்படியும் அவருக்கு மாப்பிள்ளை ஆனவர்.

இதில் என் பங்கும் உண்டு. நானும் அதே கல்லூரியில், அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் முதன்முதலாக விஷயத்தைச் சொன்னபோது, "எங்க காலேஜ்ல ஒரு சார் இருக்காருப்பா" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"சாரு எந்த ஊரு?"

"மதுரைதான்ப்பா. தெப்பக்குளத்துப் பக்கம். சௌராஷ்டிரா."

அப்பா சண்டை போடவில்லை. பத்து நாள் என்னோடு பேசவும் இல்லை. பதினோராம் நாள் காலையில், "அந்தச் சாரை வரச் சொல்லு" என்றார். சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அது வாத்தியாருக்குத் தருகிற மரியாதையா, இல்லை வாசலோடு நிறுத்துகிற மரியாதையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

போன வருடம் ஒரு சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து ஸ்ரீநாத் என்னிடம் முறையிட்டார்.

"உங்கப்பா நேத்து ஆட்டை மாப்ளன்னு கூப்பிடுறாரு அஸ்வினி."

"அது கிடா. நல்லா வளர்ந்திருக்குல்ல, அந்தச் சந்தோசத்துல கூப்பிட்டிருப்பாரு."

"நானும்தான் வளர்ந்திருக்கேன்."

"நான் வேணா அப்பாகிட்டச் சொல்லவா?"

"வேண்டாம். நீ சொல்லி அவர் கூப்பிட்டா, அது உனக்காகக் கூப்பிடுறது. அவருக்காத் தோணணும்."

"எப்பத் தோணுமாம்?"

"அந்த ஓடையில டிராக்டர் இல்லாம நானே வண்டிய ஏத்திக் காட்டுனா தோணும்."

ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் போக ஒரு வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தினால் போதும் என்று நம்புகிற ஆளிடம் என்ன சொல்வது? சுண்டல் வாங்கித் தந்தேன். ஓடையில் மாட்டிய நாளிலிருந்து என்ன செய்தோம் என்றால், தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் காரைத் தார்ச்சாலையில் டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு, ஓடைப் பக்கமே போகாமல், கண்மாய்க் கரைமேல் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். மூன்று வருடமும் அப்படித்தான்.

இந்தத் தை மாதம் அவர் காரை விற்றுவிட்டு, பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வந்தார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. என் மாமியார் ஹம்சவேணி வாசலில் நின்று வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்ல இருக்கிறது மூணு பேரு. பின்னாடி தொட்டியில என்னத்தப்பா ஏத்தப் போற?"

"ரோடு இல்லாத இடத்துலயெல்லாம் இது போகும்மா."

"இருக்கிற ரோட்ல போயேன்ப்பா. அதுக்குத்தானே வரி கட்டுறோம்."

வாங்கி மூன்றாம் நாள், யாரோ ஒரு மாணவனின் கோணமானியை வைத்து அளந்துபார்த்து, பிக்கப்பின் பின்பக்கம் காரைவிடவும் அதிகமாகத் தொங்குகிறது என்பதை என் கணவர் கண்டுபிடித்தார். வாங்குவதற்கு முன்பு அளந்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. குடும்பம் நடத்துவதில் இதுவும் ஒரு கலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கோரிப்பாளையத்தில், சிக்கந்தர் பாயின் பட்டறையில் நின்றது. பாய் முப்பது வருடமாக லாரிக்கும் வேனுக்கும் வேலை பார்க்கிறவர்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு சார். என்ன கம்ப்ளெயின்ட்?"

"பின்பக்கம் தொங்குது பாய்."

பாய் குனிந்து பார்த்தார். "எல்லா பிக்கப்பும் இப்படித்தான் சார். பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தொட்டி நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும். எந்த மலையில ஏறப் போறீங்க?"

"செக்கானூரணி."

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். தெப்பக்குளத்திலிருந்து செக்கானூரணி வரை நான்கு வேகத்தடைகளையும் ஒரு மேம்பாலத்தையும் தவிர ஏறுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. முதல் வாரம் பின் பம்பர் கழன்றது. அதற்குப் பதிலாக ஒல்லியான இரும்புக் குழாய் ஒன்றை ஒரு சாண் மேலே ஏற்றிப் பற்றவைத்தார்கள். இரண்டாம் வாரம் புகைக்குழாயின் வாலை வெட்டிப் பக்கவாட்டில் திருப்பினார்கள். பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டையோடு இன்னொரு பட்டையைச் சேர்த்தார்கள். அது போதவில்லை என்று பட்டையைச் சேசிஸோடு பிடிக்கிற இரும்புத் துண்டுகளையும் நீளமாகச் செய்து மாட்டினார்கள். கடைசியாக, தொட்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னி டயரை இறக்கித் தொட்டிக்குள் போட்டார்கள். அதை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு செய்து தருவதாகப் பாய் சொன்னார். அடுத்த வாரம். பட்டறைகளில் அடுத்த வாரம் என்பது ஒரு கிழமை இல்லை, ஒரு நம்பிக்கை.

"இன்னும் ரெண்டு இன்ச் தூக்கலாமா பாய்?"

"அதுக்கு வண்டிய மொட்டமாடியில நிறுத்திக்கங்க சார்."

வீட்டுக்கு வந்த வண்டி, முன்னால் குனிந்து பின்னால் நிமிர்ந்து, கோலம் போடுகிற பெண்ணைப் போல நின்றது. மாமியாரால் பின் இருக்கையில் ஏற முடியவில்லை. ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வண்டிக்குள் வைத்தோம். அவர் அதில் ஏறி, அதிலிருந்து வண்டியில் ஏறி, ஸ்டூலை மேலே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார். பின்பக்கம் எங்கும் தட்டவில்லை என்று ஸ்ரீநாத் பெருமையோடு குறித்துக்கொண்டார். கோயிலுக்குப் போகிற வழியில் ஓடை இல்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை அப்பா என் போனுக்குக் கூப்பிட்டார். அவருக்கு ஸ்ரீநாத்தின் நம்பர் தெரியும். கூப்பிட்டதில்லை.

"ஏத்தா, கெணத்து மோட்டார் காயில் போயிருச்சு. ரெண்டு நாளாத் தண்ணி பாய்ச்சல. கத்தரி அம்புட்டும் தலையத் தொங்கப் போட்டுருச்சு. பக்கத்துத் தோட்டத்துச் சோலை டிராக்டரு உழவுக்குப் போயிருச்சு. சாரு வண்டி தொட்டி வச்ச வண்டியாமுல்ல. மோட்டாரக் கடைக்கு ஏத்திட்டுப் போக அவருக்குத் தோதுப்படுமான்னு கேட்டுச் சொல்லு."

ஸ்ரீநாத் என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். காது சிவந்துவிட்டது. "வாரோம்னு சொல்லு" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சு அவர் வாயில் அன்றுதான் முதன்முதலாக வந்தது.

ஆரப்பாளையத்தில் காயில் கட்டுகிற கடை சாயங்காலம் வரைதான் இருக்கும், ஞாயிறு லீவு. அன்றைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் கத்தரிக்குச் செவ்வாய்க்கிழமை வரை தண்ணீர் கிடையாது. இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தொட்டியிலிருந்த ஸ்டெப்னியைக் கீழே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு இறக்குறீங்க?"

"மோட்டாருக்கு இடம் வேணும். அதோட இது முப்பது கிலோ அஸ்வினி. பின்பக்கம் அமுங்கும். இத எடுத்தா கால் இன்ச்சாவது ஏறும்."

"வழியில பஞ்சரானா?"

"புது டயரு."

ஸ்டூலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஓடை வந்தது. தண்ணீர் இல்லை, வெறும் மணல். அக்கரையில் அப்பா தன் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியோடு நின்றிருந்தார். அந்த வண்டியில் அவர் தினமும் நான்கு தடவை, இரண்டு புல்லுக்கட்டோடு, அந்த ஓடையைக் கடக்கிறார். அதற்குப் பின்பக்கத்தில் ஒரு வேலையும் பார்க்கவில்லை.

ஸ்ரீநாத் வண்டியை நிறுத்தி, இறங்கி, கரையை ஆராய்ந்து, திரும்ப ஏறினார். நேரான தடத்தில் போகக்கூடாது, சாய்வாக இறங்கிச் சாய்வாக ஏற வேண்டும் என்று யாரோ பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவர் வீடியோவில் சொல்லியிருந்தாராம். எல்லோரும் போகிற தடத்தை விட்டு ஒதுங்கி, ஓரத்தில் கிடந்த சீமைக்கருவேல முள்ளுக்குப் பக்கமாக இறங்கி, மணலைக் கடந்து, மேலே ஏறினோம். எதுவும் இடிக்கவில்லை. ஒரு சின்ன உரசல்கூட இல்லை.

அவர் இறங்கினார். பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடம் அந்தப் பார்வைக்குள் இருந்தது.

"வந்துட்டீகளா சார்" என்றார் அப்பா. "மோட்டாரு அங்கிட்டுக் கெடக்கு."

அவ்வளவுதான்.

மோட்டாரை ஏற்றுவது அடுத்த வேலை. வண்டியை உயர்த்தியதில் தொட்டியும் சேர்ந்து உயர்ந்திருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சாதாரணமாக இரண்டு பேர் தூக்கி வைக்கிற மோட்டாரை, பலகையைச் சாய்த்து, கயிற்றைக் கட்டி, அப்பா கீழிருந்து தள்ள, ஸ்ரீநாத் மேலிருந்து இழுக்க, நான் ஸ்டூலில் நின்று நடுவில் முட்டுக்கொடுக்க, நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினோம். என் அம்மா ஒச்சாயி மோர்ச் செம்போடு நின்று, "கெணத்துல இருந்து எடுக்கையிலகூட இம்புட்டுச் சிரமம் இல்லையே" என்றார்.

அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி ஒசரமா இருக்கு சார்."

தொங்குது என்பதிலிருந்து ஒசரம் வரைக்கும் வந்துவிட்டோம். சார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

திரும்பும்போது அப்பா தன் வண்டியில் பின்னால் வந்தார். ஸ்ரீநாத் மறுபடியும் சாய்வாக இறங்கினார். இந்த முறை முள்ளுக்குப் பக்கமாக இல்லை, முள்மேலேயே. மணலின் நடுவில் வந்தபோது, கொதிக்கிற குக்கர் மூச்சு விடுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. பின் சக்கரம் ஒன்று மெதுவாக உட்கார்ந்தது. அப்போதும் பின்பக்கம் தரையில் இடிக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

அப்பா எக்ஸெல்லை நிறுத்திவிட்டு வந்து டயரைப் பார்த்தார். சுண்டுவிரல் நீள முள் பக்கச் சுவரில் ஏறியிருந்தது. ஜாக்கி மணலில் புதையும் என்று, தானே போய் ஒரு தட்டைக்கல்லைத் தூக்கி வந்து போட்டார். பிறகு தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஸ்டெப்னி எங்க சார்?"

ஸ்ரீநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல மாமா."

"வீட்ல எதுக்கு?"

"வெயிட்டு... பின்பக்கம் அமுங்கும்னு."

அப்பா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நாகமலை இருக்கிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் இரண்டு தடவை அசைந்தது.

"தடத்துலயே நேரா வந்திருக்கலாம்ல சார். முள்ளுப் பக்கம் ஏன் ஒதுங்குனீக?"

"நேரா வந்தா பின்னாடி இடிக்கும் மாமா. அன்னைக்கு இடிச்சதே."

"இப்ப எங்கிட்டு இடிக்குது? கரையத்தான் அப்பவே சரிச்சு விட்டுட்டேன்ல."

"எப்ப?"

"நீங்க விருந்துக்கு வந்து மாட்டுனீகள்ல, அதுக்கு மறுநாளு. மம்பட்டிய வச்சு ரெண்டு கரையையும் வெட்டிச் சரிச்சேன். வருசா வருசம் மழை அரிச்சிரும். திரும்ப வெட்டி விடுவேன். இந்தத் தையிலகூட முள்ளையெல்லாம் வெட்டி ஓரமாப் போட்டுட்டுச் சரிச்சு விட்டேன். அந்த முள்ளுலதான் நீங்க ஏத்தியிருக்கீக."

நான் அப்போதுதான் கரையைச் சரியாகப் பார்த்தேன். செங்குத்தாக இருந்த மண் இப்போது குழந்தைகள் சறுக்குகிற பலகையைப் போலச் சாய்ந்து இறங்கியிருந்தது. மண்வெட்டியின் தடம்கூட அங்கங்கே தெரிந்தது. பழைய கார் இன்று இருந்திருந்தால் பாட்டுக் கேட்டுக்கொண்டே போயிருக்கும்.

"எதுக்கு மாமா வருசா வருசம்?"

"அடுத்த தடவ சாரு வண்டி தட்டக்கூடாதுல்ல. நீங்கதான் அதுக்கப்புறம் வண்டிய ரோட்லயே விட்டுட்டுக் கம்மாக்கரையில நடந்து வந்தீக. சாருக்கு நடக்கப் பிடிக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சொல்லவே இல்லையே மாமா."

"நீங்க கேக்கலியே சார்."

ஒருவர் கோரிப்பாளையத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் செக்கானூரணியில் பூமியை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் போன் இருக்கிறது. இருவருக்கும் நடுவில் நான் ஒருத்தி, இரண்டு வீட்டு உப்பையும் தின்றுகொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதற்கு மேல் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அப்பா தன் பட்டன் போனை எடுத்தார். அதில் எல்லா அழைப்பும் ஊருக்கே கேட்கும்.

"மாப்ள பால்பாண்டி, எங்க இருக்க?"

"கடையிலதான் மாமா. என்னா விசயம்?"

"நம்ம ஓடைக்குள்ள ஒரு வண்டி பஞ்சராகி நிக்குது. சாமானத் தூக்கிட்டு வா மாப்ள. வெரசா வா, ஆரப்பாளையம் போகணும்."

"யாரு வண்டி மாமா?"

"சாரு வண்டி."

"எந்தச் சாரு?"

"நம்ம அஸ்வினி வீட்டுக்காரரு."

"அட, உங்க மாப்ள வண்டியா? அப்படிச் சொல்லுங்க. இந்தா வாரேன்."

"ஆமா, ஆமா. வா மாப்ள" என்று அப்பா போனை வைத்தார்.

பால்பாண்டிக்கு அது ஐந்து விநாடியில் தெரிந்துவிட்டது. நான் ஸ்ரீநாத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன், அல்லது சிரித்துவிடுவேன். இரண்டுமே அந்த நேரத்துக்குச் சரிப்படாது.

அப்பா வண்டிக்குள்ளிருந்து நீல ஸ்டூலை எடுத்து, கரையோர வேப்பமர நிழலில் போட்டு, தன் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அவன் வர அரை மணி ஆகும். வெயிலு கடுசா இருக்கு. இப்பிடி வந்து உக்காருங்க சார்."

ஸ்ரீநாத் நகரவில்லை. சட்டை முழுக்க மோட்டாரின் கிரீஸ். ஒரு கையில் ஜாக்கிக் கம்பி. பதினோரு வருடம் அறுபது மாணவர்கள் முன்னால் தயங்காமல் பேசுகிறவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமா, நான் கேக்கலைன்னுதானே நீங்க சொல்லல."

"என்னத்த சார்?"

"கரையச் சரிச்சத."

"ஆமா."

"அப்ப ஒண்ணு இப்பக் கேட்டுடுறேன் மாமா. மூணு வருசமா மனசுல இருக்கு. அஸ்வினியக்கூடச் சொல்ல வேணாம்னு தடுத்துவச்சிருந்தேன்."

அப்பா ஸ்டூலிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "கேளுங்க."

"பால்பாண்டி அண்ணனை மாப்ளங்கிறீங்க. லைன்மேனை மாப்ளங்கிறீங்க. போன வருசம் அந்தக் கிடாயைக்கூடக் கூப்பிட்டீங்க." ஸ்ரீநாத் ஜாக்கிக் கம்பியை மணலில் ஊன்றிக்கொண்டார். "என்னையும் மாப்ளன்னு கூப்பிடுங்க மாமா."